ஹாஜிராம்மாவின் தட்டில் என் கை

என் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒருவரைத்தான் நான் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். அதுவும் தப்பான ஆளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நேற்று பயிற்சிக்கு வந்த உங்களில் ஒரு பெண் என்னிடம் வந்து, "மேடம், நீங்க சர்வீஸ்ல தப்பே பண்ணதில்லயாமே" என்று கேட்டாள். இந்தப் புரளியை யார் கிளப்பிவிட்டது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். நானாகத்தான் இருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: அரசு மருத்துவமனையில் இருபத்தாறு வருஷம் நர்ஸ். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது வாரமே என் வீட்டுக்காரர், "உனக்கு ஏதாவது வேலை பார்த்துத் தரட்டுமா" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான், 2004இல், சிதம்பரத்தில் இந்த முதியோர் இல்லம் ஆரம்பித்தார்கள். பிறகு கடலூரில், மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு கிளையும் வந்தது. 2012 வரை இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் அலைந்தேன். மறதி நோய் வந்த பெரியவர்களைச் சாப்பிட வைப்பது எப்படி என்று பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சோறு ஊட்டுவதற்குக்கூட ட்ரெயினிங்கா என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், முப்பது வருஷமாகத் தனக்கு ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் பரிமாறாதவள் ஊருக்கெல்லாம் பரிமாறக் கற்றுக்கொடுக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்தார். அது பொய். இரண்டு மூன்று நாள் சிரித்த முகமாகப் பரிமாறியிருக்கிறேன்.

என் முதல் வகுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? எல்லோரையும் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைப்பேன். ஒருவர் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு இன்னொருவர் அவருக்கு ரவா உப்புமா ஊட்ட வேண்டும். பேசக் கூடாது. முதல் வாய்க்குச் சிரிப்பார்கள். இரண்டாவது வாய்க்கு நெளிவார்கள். மூன்றாவது வாயில் சண்டை வந்துவிடும். சூடா இருக்கிறது, இன்னும் முழுங்கவே இல்லை, மூக்கில் இடிக்கிறாய் என்று கூச்சல். ஒரு தடவை மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண் ஊட்டியவளின் விரலை நறுக்கென்று கடித்துவிட்டாள். ஊட்டப்படுகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இப்போது புரிகிறதா என்று கேட்டுவிட்டு, பெரிய மேதாவி மாதிரி நடந்து போவேன். அடுத்தவர் கையால் சாப்பிடுவதைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு.

அந்த நினைப்பில் பத்து விதிகள் எழுதினேன். லேமினேஷன் போட்டு சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டினேன். கண்ணுக்கு நேராக உட்கார், சின்னச் சின்ன வாயாகக் கொடு, முழுங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடு. இதெல்லாம் நல்ல விதிகள்தான். இன்றைக்கும் நீங்கள் பின்பற்ற வேண்டியவை. ஐந்தாவது விதியை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். பெரியவர்களின் தட்டில் பணியாளர்கள் சாப்பிடக் கூடாது. காரணம் சுகாதாரம் என்று வகுப்பில் சொல்வேன். உண்மைக் காரணம் வேறு. எனக்கு எச்சில் என்றாலே குமட்டும். என் பிள்ளை வாய் வைத்துக் குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் தொட மாட்டேன்.

2010 மார்ச்சில் ஹாஜிராம்மா வந்தார். பரங்கிப்பேட்டைக்காரர். எழுபத்தெட்டு வயது. பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. எப்போதாவது நாலு வார்த்தை வரும், அதுவும் யாருக்கும் பொருந்தாத வார்த்தையாக இருக்கும். மகள் மைமூன்தான் கொண்டுவந்து சேர்த்தார். மைமூனின் தம்பிகள் இரண்டு பேரும் துபாயில். வீட்டுக்காரரும் அங்கேதான். உம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மறந்துபோவதும், வாசல் கதவைத் திறந்துகொண்டு நடந்துவிடுவதுமாக ஆனபிறகு, ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ள முடியாமல் கொண்டுவந்தார். சேர்த்த அன்றைக்கு அவர் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. அத்தனை தடவை திரும்பி வந்தார்.

சாப்பாட்டு அறையில் முதல் வாரமே கலாட்டா. ஹாஜிராம்மா தன் தட்டில் சாப்பிட மாட்டார். பக்கத்துத் தட்டில் கையை வைப்பார். அடுத்தவர் சோற்றில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுவார். தன் தட்டில் இருப்பதை எடுத்து அடுத்தவர் தட்டில் வைப்பார். வறுத்த மீன் போடுகிற ஒரு புதன்கிழமை, தன் தட்டிலிருந்த நடுத்துண்டை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரஸ்வதி டீச்சரின் சாம்பார் சாதத்தின் மேல் பாந்தமாக வைத்துவிட்டார். டீச்சர் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர். அலறிவிட்டார். முப்பது வருஷம் ஹைஸ்கூல் பிள்ளைகளை அடக்கிய குரல் அது. தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

உடனே நான் தீர்ப்புச் சொன்னேன். ஹாஜிராம்மாவுக்குத் தனி மேசை. அவருடைய அறையிலேயே, அவர் மட்டும், ஊட்டிவிட ஒரு ஆள். அந்த ஆள் செல்வி. கீரப்பாளையம் பக்கத்திலிருந்து வருகிற பெண். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற ரகம். பத்து விதிகளில் ஒன்றைக்கூட மனப்பாடமாகச் சொல்லத் தெரியாது.

தனி மேசை போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. வாராவாரம் எடை பார்ப்போம் அல்லவா, அந்த நோட்டில் ஹாஜிராம்மாவின் எடை ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தலை கால் புரியவில்லை. மஞ்சக்குப்பம் வகுப்பில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, 'தனி மேசை முறை' என்று பலகையில் எழுதி, கூட்டம் கவனத்தைச் சிதறடிக்கிறது, தனிமை பசியைத் தூண்டுகிறது என்று விளாசித் தள்ளினேன். கை தட்டினார்கள். நீங்கள் எப்போதாவது ஏதாவது ஒரு முறைக்குப் பெயர் வைக்க ஆசைப்பட்டால் ஒரு ஆறு மாதம் பொறுத்து வையுங்கள்.

ஏனென்றால் ஆறாவது மாதம் முடிகிற சமயத்தில், ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரத்துக்கு வந்து நின்றேன். ஹாஜிராம்மாவின் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். மேசையில் ஒரே தட்டு. அதற்கு அந்தப் பக்கம் ஹாஜிராம்மா. இந்தப் பக்கம் செல்வி. செல்வியின் கை தட்டுக்குள் இருந்தது. நான் பார்க்கப் பார்க்க ஒரு மீன் துண்டு செல்வியின் வாய்க்குள் போனது. நிதானமாக முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கதவுக்கு வெளியே இன்னும் இரண்டு நிமிஷம் நின்று பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்லித்தரக்கூடிய பெரிய வித்தை ஏதாவது இருக்கிறது என்றால் அந்த இரண்டு நிமிஷம்தான். ஆனால் என் கோபத்துக்கு நிற்கத் தெரியாது. உள்ளே போய் நான் போட்ட சத்தத்தில் ஹாஜிராம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். புத்தி பேதலித்த பெரியவளின் சோற்றைத் திருடித் தின்கிறாயே, உன் வீட்டில் சோறு இல்லையா என்று கேட்டேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் கேட்டேன்.  செல்வி எழுந்து கை கழுவினாள். ஹாஜிராம்மாவின் வாயைத் துடைத்துவிட்டாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போனவள்தான், மறுநாள் வரவில்லை. வராதே என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து ஹாஜிராம்மா சாப்பிடவில்லை.

முதல் இரண்டு நாள் யாரும் பயப்படவில்லை. மூன்றாவது நாள் புதிதாகப் போட்ட பெண் வந்து அழுதாள். எட்டாவது நாள் எடை நோட்டைப் பார்த்தால் எடை இறங்கியிருந்தது. நானே போய் உட்கார்ந்தேன். என் பத்து விதிகளையும் கடைப்பிடித்து ஊட்டினேன். கண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன். சின்ன வாயாகக் கொடுத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தட்டை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். அவர் மறுபடியும் என் பக்கம் தள்ளினார். கேரம் போர்டு ஆடுகிற மாதிரி இதே வேலை. கஞ்சி, இடியாப்பம், மசித்த வாழைப்பழம், எல்லாவற்றுக்கும் அதே தள்ளல். தினசரிக் குறிப்பில் மூன்று வேளையும் ஒரே வரி எழுதினோம்: தட்டைத் தள்ளுகிறார், உணவை மறுக்கிறார்.

வியாழக்கிழமை டாக்டர் வந்து பார்த்தார். திங்கட்கிழமை மறுபடி வருகிறேன், அதற்குள் வாய் வழியாகச் சாப்பிடவில்லை என்றால் மூக்கு வழியாக டியூப் போட்டுவிடலாம் என்றார். அவர்மேல் தப்பில்லை. வேறு என்ன சொல்ல முடியும்?

மைமூனுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். டியூப் என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது ஏதோ ஒரு மருத்துவமனையில் டியூப் போட்டிருக்கிறார்கள். ஹாஜிராம்மா அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்திருக்கிறார். அதனால் கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள்.

"மூணு நாளு மேடம். ரெண்டு கையயும் கட்டிப்புட்டாங்க. நர்சம்மா கட்டும்போது நாந்தான் உம்மா கையப் புடிச்சிக்கிட்டேன். என்னயே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

"வூட்ல இருக்கறப்பவே நான் ஊட்டுனா தட்டத் தள்ளிடுவாங்க. எங்கையால வாங்கமாட்டாங்க. கோவம் மேடம். கையக் கட்ட உட்டேன்ல, அந்தக் கோவம். இப்ப இங்க கொண்டாந்து வேற உட்டுட்டேன்."

நான் ஆறுதல் சொன்னேன். மறதி நோயில் அப்படிக் கோபத்தை ஞாபகம் வைத்திருக்க முடியாது என்று ஏதோ புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். மைமூன் தலையாட்டிக்கொண்டார். நம்பவில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

அவர் போனபிறகு எடை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏறிக்கொண்டே வந்த எடை எந்த நாளில் இறங்க ஆரம்பித்தது என்று பார்த்தேன். பார்க்கவே வேண்டாம், தெரியும். ஆனால் தெரிந்ததைக் கண்ணால் பார்த்தாலொழிய ஒத்துக்கொள்கிற ஜென்மம் இல்லை நான். பிறகு செல்வி லீவு எடுத்த நாட்களின் தினசரிக் குறிப்பைப் புரட்டினேன். ஆறு மாதத்தில் அவள் லீவு போட்ட ஐந்து நாளும் ஹாஜிராம்மா சாப்பிடவில்லை. என் தனி மேசை முறை! எனக்கே சிரிப்பு வந்தது. வயிற்றெரிச்சலோடு வருகிற சிரிப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் கீரப்பாளையம் பஸ் ஏறினேன். இறங்கி, விசாரித்து, அவள் வீட்டுக்குப் போனால் பூட்டு. நடவுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். புரட்டாசி, சம்பா நடவு மும்முரமாக நடக்கிற சமயம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாலியெஸ்டர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பு வழுக்கியது. வலது கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் போனது. வரிசை மொத்தமும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

ஒருத்தி குரல் கொடுத்தாள். "அடியே செல்வி, ஒன்ன தொரத்துன ஆபீசரம்மா நடவுக்கு வந்திருக்காங்கடி. நாத்து ஒரு முடி எடுத்துக் குடு."

எனக்கு வேண்டியதுதான். செல்வி சேற்றோடு கரைக்கு வந்தாள். உட்காரச் சொல்லவில்லை, உட்கார இடமும் இல்லை. ஹாஜிராம்மா சாப்பிடவில்லை, திங்கட்கிழமை டியூப், கையைக் கட்டுவார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை. நீ என்னம்மா செய்தாய், எப்படிச் சாப்பிட வைத்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"நான் இன்னா மேடம் செஞ்சேன். அவுங்க தட்ட எம்பக்கம் தள்ளுவாங்க. நான் ஒரு வாய் எடுப்பேன். நான் முழுங்குனதும் அவுங்க ஒரு வாய் எடுப்பாங்க. அவ்ளோதான்."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க வூட்ல சோறு இல்லயான்னுதான் கேட்டீங்க. இதக் கேக்கலயே."

அந்த இடத்தில், கால் முழுக்கச் சேற்றோடு, மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை இல்லாமலேயே வந்துவிட்டது. செல்வி வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டாள். பிறகு நான் வாழ்நாளில் எதிர்பார்க்காத நிபந்தனை ஒன்றைப் போட்டாள். வருகிறேன், ஆனால் அந்தத் தட்டில் நீங்களும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எதற்கு என்றேன்.

"நான் மட்டும் சாப்ட்டா திருட்டு. நாளைக்கு வேற ஒரு மேடம் வந்து தொரத்துவாங்க. நீங்க சாப்ட்டா அது ட்ரெயினிங்கு."

கடைசி வரிசையில் கொட்டாவி விடுகிறவளுக்கு மூளை இல்லை என்று நினைத்திருந்தேன். மூளை இல்லாதவள் யார் என்று அந்த வரப்பில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துபோனது. சரி என்றேன்.

திரும்பி வந்து மைமூனுக்குப் போன் செய்து செல்வி சொன்னதைச் சொன்னேன்.   அப்போதுதான் மைமூன் அந்தக் கதையைச் சொன்னார். அவர்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சஹன்தான். பெரிய தாம்பாளம் மாதிரி ஒரே தட்டு, அதைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். கறியைப் பிய்த்து நல்ல துண்டுகளை மற்றவர்கள் பக்கம் தள்ளிவிடுவதுதான் ஹாஜிராம்மாவின் வேலை. மற்றவர்கள் ஒரு வாய் போட்ட பிறகுதான் தன் வாயில் வைப்பார். தம்பிகள் வெளிநாடு போய், வாப்பாவும் மவுத்தாகி, அதாவது அப்பாவும் இறந்துபோன பிறகு, இரண்டே பேருக்கு எதற்கு சஹன் என்று மைமூன் அதைப் பரணில் போட்டுவிட்டார். உம்மாவுக்குத் தனித் தட்டு. தான் அப்புறமாக அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டுக்கொள்வது.

இப்போது உங்களுக்குப் புரிகிறதா? சரஸ்வதி டீச்சருக்கு மீன் வைத்தது வம்பு இல்லை, உபசாரம். தட்டைத் தள்ளியது மறுப்பு இல்லை, நீ சாப்பிடு என்கிற அழைப்பு. உணவை மறுக்கிறார் என்று மூன்று வேளையும் கையெழுத்துப் போட்டு எழுதினோமே, மறுத்தது அவரா? அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார், நாங்கள்தான் வாங்கவில்லை. எனக்கு எச்சிலாகத் தெரிந்தது அவருக்கு வீடாக இருந்திருக்கிறது. எச்சில் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தோன்றவே தோன்றாது. இல்லத்தின் சமையற்கட்டிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் என் ரகம்தான்.

நாளை மத்தியானம் சஹனை எடுத்துக்கொண்டு வருகிறேன், உம்மாவுக்குப் பிடித்த நெய்ச்சோறும் கறியும் நானே சமைத்துக் கொண்டுவருகிறேன் என்றார் மைமூன். வாருங்கள் வாருங்கள் என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சுவரில் இருந்த காலண்டர் கண்ணில் பட்டது. நாளை புரட்டாசி சனிக்கிழமை.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் கவிச்சி கிடையாது. சனிக்கிழமை என்றால் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்தான். போன் செய்து காய்கறி சமைக்கச் சொல்லலாமா என்று கை பரபரத்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு எதைத் தள்ளிப் பழக்கம்? கறியை. எனக்காகக் கத்திரிக்காயைத் தள்ளச் சொல்ல முடியுமா? டாக்டர் திங்கட்கிழமை வருகிறார். பரிசோதனை செய்து பார்க்க எனக்கு இருப்பது ஒரு மத்தியானம். பேசாமல் இருந்துவிட்டேன். விடியற்காலையில் திருவந்திபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்து, நிலைமையை எடுத்துச் சொல்லி, துளசித் தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டு சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன். பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற முட்லூர் தாண்டும்போது, மைமூனும் கறிச்சட்டியோடு இந்நேரம் கிளம்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஜிராம்மாவுக்கு முழங்கால் மடங்காது. அதனால் அறையில் டீபாயைப் போட்டு அதன் மேல் சஹனை வைத்தோம். சுற்றி நான்கு நாற்காலி. ஹாஜிராம்மா, அவருக்கு வலது பக்கம் செல்வி, இடது பக்கம் மைமூன், எதிரில் நான். செல்வியைப் பார்த்ததும் ஹாஜிராம்மாவின் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் சஹனைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது. இரண்டு வாரமாகத் துவண்டு கிடந்த அம்மா, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உதடு அசைய, சாப்பிடுமுன் சொல்கிற பிஸ்மியைச் சொன்னார். எங்கள் எல்லோரையும் ஒரு தடவை எண்ணுகிற மாதிரிப் பார்த்தார். குழையக் குழைய வெந்திருந்த கறியை எலும்பிலிருந்து பிரித்தார். அந்த விரல்கள் தடுமாறவே இல்லை. ஸ்பூன் பிடிக்கத் தெரியாது என்று அந்த விரல்களைப் பற்றி நான் குறிப்பு எழுதியிருக்கிறேன்.

செல்வி பக்கம் ஒரு துண்டு தள்ளினார். செல்வி அடுத்த கணமே எடுத்து வாயில் போட்டாள். இரண்டு வாரக் குறை அவளுக்கும் இருந்தது போல. மைமூன் பக்கம் ஒன்று. மைமூன் எடுத்து வாயில் வைத்தார். பிறகு என் பக்கம். இருப்பதிலேயே பெரிய துண்டு. நெய் மினுங்க என் முன்னால் வந்து நின்றது.

ஹாஜிராம்மா கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கறியைப் பார்த்தேன். அவர் விரல் பட்ட கறி, மூன்று பேர் கை போன சோறு, சனிக்கிழமை, வயிற்றில் துளசித் தீர்த்தம். கொஞ்சம் சோற்றை மட்டும் கிள்ளி எடுத்து வாயில் வைத்து ஏமாற்றப் பார்த்தேன். அந்த அம்மா அசையவில்லை. மகளின் பெயர் மறந்துபோனவருக்கு, எதிரில் இருப்பவள் கறியைத் தொடாமல் டபாய்க்கிறாள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. விரலால் அந்தத் துண்டை இன்னும் ஒரு அங்குலம் என் பக்கம் நகர்த்தினார்.

"எடுங்க மேடம்," என்றாள் செல்வி, என் வகுப்புக் குரலிலேயே. "நீங்க முழுங்காம அவுங்க வாயத் தொறக்கமாட்டாங்க."

பெருமாளே, இந்தப் பக்கம் பார்க்காதே என்று மனசுக்குள் சொல்லிவிட்டு எடுத்து வாயில் போட்டேன். மென்றேன். முழுங்கினேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? பிரமாதமாக இருந்தது. காலையிலிருந்து பட்டினி வேறு.

நான் முழுங்கினதைப் பார்த்துவிட்டு, ஹாஜிராம்மா தன் பக்கத்திலிருந்து ஒரு வாய் நெய்ச்சோறு எடுத்தார். வாயில் வைத்தார். மென்றார். அப்புறம் இன்னொரு வாய். முழுங்கியாயிற்றா என்று நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். எத்தனை வாய் என்று எண்ணவெல்லாம் இல்லை. போதும் என்கிற வரைக்கும் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார், டியூப் இப்போதைக்கு வேண்டாம் என்றார். செல்வி அந்தத் தட்டில் தினமும் உட்கார்ந்தாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. இதெல்லாம் நீங்களே ஊகித்திருப்பீர்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இது இல்லை. அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் நடந்த ஒன்றை.

உம்மா இரண்டாவது வாய் எடுத்ததுமே மைமூனுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் முன்னால் அழக் கூடாது என்று, தண்ணீர் எடுக்கிற சாக்கில் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார். ஹாஜிராம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். ஆறு மாதத்தில் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஏ புள்ள, நடுவுல எந்திரிக்கக் கூடாது. உக்காரு. ஒம்பக்கம் சோறு அப்படியே கெடக்குது பாரு."

பெயர் சொல்லவில்லை. மகள் என்று தெரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மைமூன் உட்கார்ந்தார். அவர் பக்கம் ஒரு கறித்துண்டு நகர்ந்து வந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"வூட்ல தட்டத் தள்ளுனதும் என்னயச் சாப்புடச் சொல்லித்தான் மேடம். எம்மேல கோவம் இல்ல. உம்மாவுக்கு எம்மேல கோவமே இல்ல."

அழுதுகொண்டே சாப்பிட்டார். அவர் பக்கத்துச் சோறு முடிகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் நடுவில் எழாமல், காய்ந்துபோன கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தோம்.